காட்டெருமைக்காக ஒரு மனு

வெள்ளக்கடை மேனகா மனு எழுதினால் சர்க்காரே அழும் என்பது சேர்வராயன் மலையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஆதரவற்ற கிழவி ஒருத்திக்கு உதவித்தொகை கேட்டு ஒருமுறை எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்த அதிகாரி, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை போதாமல் மேசை விரிப்பையே உருவி எடுத்தாராம். கிழவிக்குப் பணம் வந்தது. அவளுக்குத் துணையாகப் போய் வராந்தாவில் நின்றிருந்த இன்னொரு கிழவிக்கும் சேர்த்தே வந்தது. இரண்டாமவளுக்குப் புருஷன் கல்லுக்குண்டாக உயிரோடு இருந்தான் என்பது வேறு கதை.

அப்படிப்பட்ட மேனகா ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தொடர்ந்து ஏழு முறை தோற்றிருந்தாள். எட்டாவது சீட்டு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கையில் விழுந்தது. அன்றிலிருந்து ஞாயிறு வரை அவள் ஓர் இடத்தில் முழுதாக உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் கணக்கு எழுதும் எஸ்டேட்டின் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், காப்பிப் பழம் பறிக்க வந்த பெண்களின் பெயர்களுக்கு நடுவே 'தடுப்பாட்டக்காரர், ஒரு நாள்' என்று எழுதி, பிறகு அடித்தாள். அவள் புருஷன் பெருமாள் ஏற்காட்டில் ஓட்டல் சமையற்காரர். அவரே கடைசியில் கேட்டுவிட்டார்.

"ஏம்புள்ள, உனக்குக் காலுக்கடியில எறும்புப் புத்து ஏதாச்சும் இருக்குதா?"

"எறும்பில்லைங்க, எருமை" என்றாள் மேனகா.

அது நடந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால், முதலில் ஜாபெஸின் ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இருக்கிறது அந்தக் கடை. ஜாபெஸ் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன். அடைமழை மாதங்களில் ஜெராக்ஸ் எடுக்க ஈ காக்கை வராது. அப்படி ஒரு மழைக்காலத்தில் அவன் கம்ப்யூட்டருக்குள் ஒரு கால்பந்து லீகை உருவாக்கினான். பந்து கிடையாது, மைதானம் கிடையாது, யாருக்கும் முட்டி பேராது. மாரமங்கலம், குப்பனூர், வெள்ளக்கடை, ஏற்காடு டவுன் என்று பன்னிரண்டு அணிகள். சேருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டக்காரன். அவனுக்குப் பெயர் வைக்கலாம், உயரம் வைக்கலாம், வாரா வாரம் என்ன பயிற்சி என்று எழுதிக் கொடுக்கலாம். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜாபெஸ் பொத்தானை அமுக்குவான். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். யார் யாருக்குப் பந்து கொடுத்தார்கள், யார் இடறி விழுந்தார்கள், யார் கோல் அடித்தார்கள் என்று ஒரு பக்க வர்ணனை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடும்.

மேனகா அதில் சேர்ந்தது மழையால்தான். ஒரு மனுவை ஜெராக்ஸ் எடுக்க வந்தவளை மழை இரண்டு மணி நேரம் கடைக்குள் அடைத்து வைத்தது. பொழுது போகாமல் ஒரு கோல்கீப்பரை உண்டாக்கினாள். அவன் பந்தைக் கண்டால் வழிவிட்டு நிற்கிற மரியாதைக்காரனாக அமைந்துவிட்டான். அது அவளை அவ்வளவாக வருத்தவில்லை. வருத்தியது சீசன் முடிவில் வருகிற விருதுதான்.

விருதுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தன் ஆட்டக்காரனுக்காகத் தானே பேசக் கூடாது. பேச விட்டால் முப்பத்துமூன்று பேரும் தங்கள் பிள்ளையைத்தான் புகழ்வார்கள், சண்டை அடிவாரம் வரை உருளும். அதனால் போட்டியில் நிற்கிற ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். யார் கையில் எந்தச் சீட்டு வருகிறதோ, அவர் அந்த ஆளுக்காக வாதாடி ஒரு பக்கம் எழுதி, ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குள் குழுவில் போட வேண்டும். அவருக்கு அந்தப் பிரிவில் ஓட்டும் கிடையாது, எழுத்துதான் ஓட்டு. ஜெயித்த ஆட்டக்காரனின் பெயரைக் கலரில் அச்சடித்து, லேமினேட் செய்து, கடைச் சுவரில் ஒட்டுவான் ஜாபெஸ். அவ்வளவுதான் பரிசு. அந்தச் சுவரில் இடம்பிடிக்க மலையில் ஆட்கள் சோறு தண்ணி மறந்தார்கள்.

மேனகா ஏழு சீசன்களில் ஏழு பேருக்கு வாதாடினாள். ஏழு பேரும் மண்ணைக் கவ்வினார்கள். மூன்றாவது தோல்வியில் சிரித்தார்கள். ஐந்தாவதில் சிரிப்பு நின்றது. ஏழாவதில் எல்லாருக்கும் நிச்சயமாகிவிட்டது, ரைட்டரம்மாவுக்குக் கைராசி இல்லை. குலுக்கல் அன்று அவள் டப்பாவுக்குள் கை விட்டால், போட்டியில் ஆள் வைத்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

எட்டாவது முறை அவள் எடுத்த சீட்டில் 'காட்டெருமை, சிறந்த தடுப்பாட்டக்காரர்' என்று இருந்தது.

காட்டெருமை, அமீர் ஜான் பாயின் ஆள். பாய் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்வெட்டரும் குடையும் விற்கிறவர். ஏற்காட்டுப் பனி எவ்வளவு அடர்த்தி என்றால், ஒருநாள் அவர் கடையில் தொங்கவிட்ட ஸ்வெட்டருக்குள் புகுந்த பனியை ஒரு சுற்றுலாக்காரர் ஆளென்று நினைத்து வழி கேட்டாராம். லீக் தொடங்கிய முதல் நாளே பாய் அந்த ஆட்டக்காரனை உண்டாக்கினார். இடதுபக்கத் தடுப்பாட்டம். பத்து சீசன் ஆடியும் சுவரில் ஏறவில்லை. லீகில் முப்பத்தைந்து வயதானால் கம்ப்யூட்டரில் ஆட்டக்காரனுக்கு இருக்கிற பக்கம் மூடப்படும், விருது வாங்காதவன் என்றால் அந்தப் பக்கமே அழிக்கப்படும். காட்டெருமைக்கு இந்த மாதத்தோடு முப்பத்தைந்து.

எதிரே நின்றது யார் என்றால், 'சூறாவளி'. மாரமங்கலம் அணியின் தடுப்பாட்டக்காரன். ஜீப் ஓட்டுகிற அங்கப்பனின் ஆள். தடுக்கிறானோ இல்லையோ, பந்தை உருட்டிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடி வரை ஓடி ஒன்பது கோல் அடித்திருந்தான். வர்ணனையில் வரிக்கு வரி அவன் பெயர்தான். அவனுக்கு வாதாடும் சீட்டு கான்வென்ட் டீச்சர் ஆரோக்கியசெல்விக்கு விழுந்தது. அவள் எழுதினால் காகிதத்தில் இருந்தே கைதட்டல் கேட்கும்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேனகா தான் எழுதியதை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனாள். வாதாடுகிறவர் உரியவரிடம் ஒருமுறை படித்துக்காட்டுவது மரியாதை. பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"'பொருள்: காட்டெருமை என்பவருக்கு விருது வழங்கக் கோருதல் தொடர்பாக. பார்வை: சீசன் வர்ணனை இருபத்திரண்டு. மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். மேற்படி ஆட்டக்காரர் வயது முதிர்ந்த நிலையிலும், இடது காலில் சுளுக்குடனும், வேறு எவ்வித ஆதரவும் இன்றி…'" பாய் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. இதப் படிச்சா என் ஆளுக்கு முதியோர் பென்ஷன் குடுக்கலாம்னு தோணுது. விருது குடுக்கத் தோணலீங்க."

மேனகாவுக்குக் காது மடல் சூடானது. "உருக்கமா இருக்கோணும்னு எழுதுனனுங்க பாய்."

"உருக்கமாத்தான் இருக்குது. எனக்கே அவனுக்குக் கஞ்சி காச்சிக் குடுக்கோணும்போல இருக்குது. போன தடவ அந்த ஸ்ட்ரைக்கருக்கு என்ன எழுதுனீங்க? 'இவரை நம்பி ஒரு தாயும் இரண்டு தங்கைகளும் உள்ளனர்'னு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறவனுக்கு எங்கிருந்துங்க வந்தாங்க தங்கச்சி?"

மேனகா கையில் கிடைத்த ஒரு மஃப்ளரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பாய் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், கோவிக்கக் கூடாது. அந்தச் சீட்ட வேற யாருக்காச்சும் மாத்திக் குடுத்துருங்க. ஜாபெஸ் தம்பிகிட்ட நா பேசிக்கறேன். உங்க கைராசி… எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா இது கடைசி சீசன் பாருங்க."

"நம்பிக்கை கெடையாதுன்னா அப்புறம் ஏன் பாய் மாத்தச் சொல்றீங்க?"

"எதுக்கு வம்புன்னுதான்."

மேனகா மஃப்ளரை வைத்தாள். "மாத்த மாட்டனுங்க பாய். ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்குள்ள வேற எழுதித் தர்றேன். இதுலயும் தோத்தா இனி அந்த டப்பாவுல கையே வெக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாள். சொன்னபிறகு அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஊர்ப்பட்டவர்களுக்கு எழுதி எழுதி அவள் கைக்கு ஒரே தடம்தான் தெரியும். கேட்கிறவன் எளியவன், கொடுக்கிறவர் பெரியவர், கேட்பவனை எவ்வளவு குறுக்குகிறோமோ அவ்வளவு கிடைக்கும். தாலுகா ஆபீஸில் அது பலித்தது. சுவரில் ஏற வேண்டியவனை அப்படிக் குறுக்கினால் அவன் ஏணிக்கு எட்டுவானா? அவள் தோற்றது கைராசியால் அல்ல, கைப்பழக்கத்தால். அது புரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பரிதாபத்தை எடுத்துவிட்டால் காட்டெருமையைப் பற்றி எழுத என்ன மிச்சம்? இருபத்திரண்டு ஆட்டங்களின் வர்ணனையையும் ஜாபெஸிடம் அச்சடித்து வாங்கிப் படித்தாள். சூறாவளியின் பெயர் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. காட்டெருமையின் பெயர் சீசன் முழுக்கப் பதினோரு முறை. அதிலும் இரண்டு இடங்களில் 'ஷூ நாடாவைக் கட்டுகிறார்'.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அங்கப்பன் இறங்கி ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சை வைத்தான்.

"இதென்னங்ணா?"

"உங்களுக்குத்தானுங்க ரைட்டரம்மா. காட்டெருமைக்கு நீங்கதான் எழுதறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. நொம்ப சந்தோசம். நல்லா எழுதுங்க, மனசு வெச்சு எழுதுங்க. இது முன்கூட்டியே ஒரு நன்றி."

பெருமாள் சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினார். மேனகா ஒரு பழத்தை எடுத்து அங்கப்பன் தலைக்குக் குறிபார்த்தாள், பிறகு உரித்துத் தின்றாள். பழம் கோபத்தைவிட இனிப்பாக இருந்தது.

சனிக்கிழமை அவளைச் சேலத்துக்கு அனுப்பியது எஸ்டேட். பழம் நிறுக்கிற தராசு பழுதுக்குப் போயிருந்தது, வாங்கி வர வேண்டும். எஸ்டேட் வாடகைக்குப் பேசிய வண்டியும் அங்கப்பனுடையதாகவே இருந்தது. மலையில் ஒருவனிடம் கோபித்துக்கொண்டால் அடுத்த நாளே அவன் வண்டியில்தான் ஏற வேண்டியிருக்கும். இறங்கும்போது அங்கப்பன் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சூறாவளியின் ஒன்பது கோலைப் பகிர்ந்து வர்ணித்தான். மடியில் வர்ணனைத் தாள்களை வைத்துக்கொண்டு மேனகா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள்.

"கைப்புடி கழண்டுருமுங்க" என்றான் அங்கப்பன்.

தராசை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மணி பன்னிரண்டு. அடிவாரத்தில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒன்பதாவது வளைவில் பத்து மணியிலிருந்து ஒரு காட்டெருமை நிற்கிறது, நகரவில்லை, எல்லா வண்டிகளும் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகட்டும் என்றார்.

அங்கப்பன் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தான். திருப்பிக்கொண்டு குப்பனூர் வந்தால், அங்கே மலையே இறங்கி வந்து நிற்பதுபோலக் கூட்டம். பஸ்கள், கார்கள், காய்கறி வேன், பந்தல் சாமான் ஏற்றிய டெம்போ. டீக்கடையில் பால் தீர்ந்து, தூள் தீர்ந்து, கடைக்காரர் வெந்நீரை மட்டும் நம்பிக்கையோடு ஆற்றிக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொன்னார்கள். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

"பாருங்க இந்த அநியாயத்த" என்றான் அங்கப்பன். "ஒத்த எருமைங்க. முட்டுச்சா? இல்ல. தொரத்துச்சா? இல்ல. சும்மா நிக்குது. அது சும்மா நிக்கறதுக்கு மலையே சுத்திப் போவுது!"

ஜன்னல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த மேனகாவின் கை நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்னேன்? எருமை சும்மா நிக்குதுன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"மலையே சுத்திப் போவுதுன்னேன். ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?"

மேனகா பைக்குள் கைவிட்டுச் செக்ரோலுக்கு வைத்திருக்கும் சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தாள். முதல் ஆட்டத்தின் தாளை மடியில் விரித்தாள். காட்டெருமை காப்பது இடதுபக்கம். அவன் பெயரை இனித் தேட வேண்டாம். எதிராளிகள் எந்தப் பக்கமாக வந்தார்கள் என்று பார்த்தால் போதும். காட்டெருமை நிற்கிற பக்கமாக வந்திருந்தால் ஒரு வட்டம், மறுபக்கமாக வந்திருந்தால் ஒரு கோடு. குப்பனூரிலிருந்து மேலே ஏறி முடிப்பதற்குள் இருபத்திரண்டு தாள்களும் கோடாகிவிட்டன. வட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பத்து முறை எதிரணி முன்னேறினால் ஒன்பது முறை மறுபக்கமாகத்தான் முன்னேறியிருந்தது. சூறாவளியும் காட்டெருமையோடு மோதிய இரண்டு ஆட்டங்களிலும் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"என்னங்க குலுங்கற வண்டியில கோலம் போட்டுட்டு வர்றீங்க?" என்றான் அங்கப்பன்.

"எஸ்டேட் கணக்குங்ணா."

அங்கப்பன் அடுத்த வளைவில் கியரை மாற்றினான். பிறகு, "பாய் பாவந்தானுங்க. பத்து சீசனா வளத்துனாரு. ஏதோ நம்மால ஆனது பண்ணோணும்" என்றான். ஜெயிக்கப்போகிறவனின் தாராளம் அது. மேனகா காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். 'பொருள்' என்று தொடங்கிய தாள் இரண்டு, 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கியது மூன்று. பேனாவை வைத்துவிட்டுப் போனில் தட்டினால் ஒருவேளை கை பழைய தடத்தில் போகாதோ என்று போனை எடுத்தாள். போனில் எழுத்து ஓடியது. பதினொன்றரைக்கு முடித்தபோது வெள்ளக்கடையில் சிக்னல் செத்திருந்தது.

மழைக்கோட்டை மாட்டி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வெள்ளக்கடையிலிருந்து டவுன் போகிற வழியில் ஒரு மேடு உண்டு. அங்கே எந்த மழையிலும் சிக்னலில் ஒரு கோடாவது இருக்கும் என்று பேர். அந்த ஒற்றைக் கோட்டுக்காக அந்த மேட்டில் கல்யாணம் பேசி முடித்தவர்கள் உண்டு. மேனகா ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, போனை உயரத் தூக்கினாள். கோடு வந்தது. மணி பதினொன்று ஐம்பத்து நான்கு.

அனுப்பும் முன் ஒருமுறை படித்தாள். எங்கோ மொட்டையாக நிற்பதுபோல இருந்தது. விரல் தானாகப் போய்க் கடைசி வரியைச் சேர்த்தது: 'இவருக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை என்பதைக் கருணையுடன்…'

மேனகா அந்த விரலை உற்றுப் பார்த்தாள். பதினாறு வருஷமாக மற்றவர்களுக்காகக் கும்பிட்ட விரல். மணி பதினொன்று ஐம்பத்தாறு ஆனது. கருணையை எழுத்து எழுத்தாக அழித்தாள். ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. போய்விட்டது.

குழுவில் விழுந்தது இதுதான்:

'நேற்று நீங்கள் எல்லாரும் எந்த வழியாக வீடு வந்தீர்கள்? குப்பனூர் வழியாக. ஏன்? ஒன்பதாவது வளைவில் ஒரு காட்டெருமை நின்றது. அது முட்டவில்லை, துரத்தவில்லை. சும்மா நின்றது. அது சும்மா நின்றதற்கு மலையே சுற்றிப் போனது. நம் லீகிலும் அப்படி ஒருவன் நிற்கிறான். அவன் பெயர் வர்ணனையில் வருவதில்லை, ஏனென்றால் அவன் நிற்கிற பக்கம் பந்து வருவதில்லை. இந்த சீசனில் அவன் அணிக்கு எதிராக வந்தவர்கள் பத்துக்கு ஒன்பது முறை அடுத்த பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறார்கள். தாள்களில் கோடு போட்டு ஜாபெஸ் கடையில் கொடுக்கிறேன், எண்ணிப் பாருங்கள். சூறாவளி ஒன்பது கோல் அடித்தான். நல்ல ஆட்டக்காரன், ஒப்புக்கொள்கிறேன். அவனும் குப்பனூர் வழியாகத்தான் போனான்.'

ஓட்டு காலை ஒன்பது மணியிலிருந்தே போடலாம், நாலரை வரை நேரம். ஐந்து மணிக்கு ஜெராக்ஸ் கடைக்குள் நனைந்த குடைகளும் நனைந்த ஆட்களுமாக நிற்க இடமில்லை. மேனகா உள்ளே நின்றாள், வெளியே போனாள், மறுபடி உள்ளே வந்தாள். பாய் தன் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து ஒரு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஓட்டுகள் ஜாபெஸின் போனுக்குத் தனித்தனியாக வந்திருக்கும். கடைசியாக வந்தது மேலே இருக்கும். அவன் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் படிப்பான். சமமாக வந்தால் அதிக கோல் அடித்தவனுக்கு விருது. அப்படியென்றால் சூறாவளிக்கு.

முதல் ஐந்தும் காட்டெருமைக்கு விழுந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டவை அவை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அங்கப்பன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு இறங்க இறங்கச் சூறாவளி ஏறினான். பத்து, பத்து. பன்னிரண்டு, பதிமூன்று. பாய் ஸ்டூலிலிருந்து எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மேனகா தன் மழைக்கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகித் திருகிக் கையோடு பிய்த்துவிட்டாள்.

"பதினாலு, பதினாலு" என்றான் ஜாபெஸ். போனைப் பார்த்தவன் நிமிர்ந்தான். "இன்னும் ஒண்ணு இருக்குங்க. மொதல்ல வந்தது. காலைல ஒம்பது மணி ஒரு நிமிசத்துக்கு."

"யாருது?" என்று நாலு குரல்.

தன் ஆளுக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. எதிராளிக்குப் போடலாம், அல்லது சும்மா இருக்கலாம். பாய் சும்மா இருந்துவிட்டார்.

"அங்கப்பண்ணன்" என்றான் ஜாபெஸ். "காட்டெருமைக்கு."

கடைக்கூரை எழும்பி ஒரு சாண் உயரம் போய் உட்கார்ந்தது.

"அதெப்படி!" என்று கத்தினான் அங்கப்பன். "அது தருமத்துக்குப் போட்டதுங்க! ரைட்டரம்மா எழுதறாங்க, எப்படியும் தோக்கத்தான் போவுது, பாய்க்கு ஒரு ஓட்டாச்சும் இருக்கட்டும்னு காலைலயே போட்டேன். அவங்க எழுதுனத நா படிக்கவே இல்லீங்க!"

"இப்பப் படிங்கண்ணா" என்றாள் மேனகா.

அங்கப்பன் போனை எடுத்தான். நின்றபடியே உதடு அசையப் படித்தான். பாதியில் அவன் புருவம் ஏறியது. விரலால் திரையைத் தள்ளித் திரும்ப மேலிருந்து படித்தான்.

"ஏனுங்க," என்றான் மெதுவாக, "இது நா வண்டியில சொன்னதாச்சே?"

"ஆமாங்க. குப்பனூர்ல."

"சும்மா நின்னதுக்கு மலையே சுத்திப் போச்சுன்னது நா."

"நீங்களேதான்."

"என் ஓட்டு, என் வார்த்தை, என் வண்டி. எல்லாத்தையும் குடுத்து என் ஆளையே தோக்கடிச்சிருக்கேன்." அங்கப்பன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். யாரும் அவனுக்காகக் கண்ணீர் விடுகிற மாதிரி தெரியவில்லை. "அந்த ஆரஞ்சு?"

"தீந்து போச்சுங்ணா. தோலு இருக்குது, கொண்டாரட்டுங்களா?"

ஜாபெஸ் அச்சு இயந்திரத்தைத் தட்டிவிட்டிருந்தான். காட்டெருமையின் பெயர் கலரில் சூடாக வெளியே வந்தது. பாய் அதை இரண்டு கையாலும் வாங்கி லேமினேட் செய்கிற மிஷினுக்குள் தானே விட்டார். மறுபக்கம் அது வெளிவரும் வரை குனிந்தே நின்றார். சுவரில் எங்கே ஒட்டுவது என்று ஜாபெஸ் கேட்டான்.

"இடது பக்கம்" என்றார் பாய்.

ஒட்டி முடித்ததும் அவர் மேனகாவிடம் வந்தார். ஏதோ சொல்ல வந்தவர், அவள் மழைக்கோட்டைப் பார்த்துவிட்டு, "பொத்தான் எங்க அம்மிணி?" என்றார். அவள் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். பாய் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கோட்டக் கடையில குடுத்துட்டுப் போங்க. தெச்சு வெக்கறேன்."

மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர் கடையிலிருந்தே ஒரு ஸ்வெட்டரை வாங்கி மாட்டிக்கொண்டு மேனகா படியிறங்கினாள். இனியாவது உட்காரலாம் என்று நினைத்தாள். ஸ்கூட்டியில் ஏறவில்லை, அதற்குள் பின்னால் அங்கப்பன் ஓடிவந்தான்.

"ரைட்டரம்மா, அடுத்த சீசன்ல சூறாவளி சீட்டு உங்க கைக்கு வந்தா, மாத்திக் குடுத்துராதீங்க, என்ன?"

"டப்பாவுல என்ன வருதோ அதுதானுங்ணா."

"அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா?" என்றான் அங்கப்பன், பனிக்குள் அவள் வண்டி பாதி மறையும் வரை கூடவே நடந்துகொண்டு. "ஒரு மனு கினு எழுதிப் போட்டா?"